முப்பத்திரண்டு அங்குலம்

மார்ச் 3, திங்கள்

காலையில் பட்டறையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது என் மனைவியாக இருந்தவளிடமிருந்து போன். பிரிந்து நான்கு வருடமாகிறது. இத்தனை நாளில் அவள் கூப்பிட்டதெல்லாம் எங்கள் மகள் குட்டி விஷயமாகத்தான். காய்ச்சல், ஸ்கூல் கூட்டம், சனிக்கிழமை எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போகிறேன் என்று. அதனால் மெஷினை நிறுத்தியதும், "குட்டிக்கு என்ன?" என்றுதான் கேட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. நாங்க கிச்சனை மாத்தலாம்னு இருக்கோம். வீடு முழுக்க பெயின்ட் வேற அடிக்கணும். தெரியாத ஆள்கிட்ட குடுத்துட்டு அவஸ்தைப்பட முடியாது. உங்க வேலை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். செய்வீங்களா?"

நாங்க. அந்த ஒரு சொல்லை விழுங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சரி என்றேன். ஏன் சரி என்றேன்? வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பார்க்கிற மகளை ஒரு மாதத்துக்குத் தினமும் பார்க்கலாம் என்றுதான். அது மட்டும்தானா? இல்லை. அவள் கட்டிக்கொண்ட அந்த நெட்டையன் எப்படி வாழ்கிறான் என்று பார்க்கவும்தான். இந்த நோட்டிலாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

அளவெடுக்கப் போனேன். இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது அவன்தான். நூலகத்தில் வேலை பார்க்கிறவன். வாசல் நிலையில் இடிக்காமலிருக்கத் தலையைச் சாய்த்தே பழகிய உடம்பு.

"வாங்க சார்."

"பரவாயில்ல சார்."

"செருப்பு இருக்கட்டும் சார்."

"இல்ல சார், கழட்டிடறேன் சார்."

உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

சமையலறை பாடாவதி. சிங்க்குக்குக் கீழே பலகை ஊறிப்போய்ப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஜன்னல் பெயின்டில் ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. அடுப்புக்கு மேலே கூரை முழுக்க எண்ணெய்ப் புகை. டேப்பை நீட்டி, மேடை உயரத்துக்கு முப்பத்திரண்டு அங்குலத்தில் பென்சில் கோடு போட்டேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் நின்றால் முழங்கை எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா?

அவள் கோட்டைப் பார்த்தாள். "எனக்கு இல்ல. அவருக்குப் பாருங்க. இங்க அவர்தான் சமைக்கிறார்."

அவன் கூச்சத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். அவன் உயரத்துக்கு முப்பத்தாறு அங்குலமாவது வேண்டும். எழுதிக்கொண்டேன்.

பதினோரு வருடம் குடித்தனம் நடத்தினேன். ஊரார் வீட்டுக்கெல்லாம் சமையலறை செய்துகொடுத்தேன். ஒரு நாளாவது அவளுக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேனா? ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்றால் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மார்ச் 5, புதன்

வெங்காயத்தைக்கூட அவன் ஒரே அளவாக நறுக்குவானாம். குட்டி போனில் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

குட்டி பையில் பெயின்ட் அட்டையை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். சின்னச் சின்னக் கட்டமாக நூற்றுக்கணக்கான நிறங்கள், அடியில் வெறும் எண்கள்.

"நாங்க எல்லாத்துக்கும் பேர் வெச்சிருக்கோம்ப்பா. இது பழைய பஸ் டிக்கெட். இது தலைவலி. இது லீவு விட்ட காலைல. இந்தா, இதுதான் பரீட்சை பேப்பர் குடுக்கற டீச்சர் முகம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, "யார் வெச்ச பேரு?" என்றேன்.

"அங்கிளும் நானும்."

தலைவலி என்று நல்ல பேர்தான் வைத்திருக்கிறான். எனக்கு அவன்தான் அது.

சமையலறைக்கு மஞ்சள் அடிக்கலாமே, உனக்கு மஞ்சள்தானே பிடிக்கும் என்றேன். என்னைப் பாவம் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா, அது எனக்கு அஞ்சு வயசுல."

இப்போது அவளுக்குப் பதின்மூன்று. இடையில் எட்டு வருடம் எங்கே போயிற்று? நானும் கூடத்தானே இருந்தேன், பாதி நாளாவது? இப்போது என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஊர்ஜிதமாகிவிடுமே.

மார்ச் 14, வெள்ளி

பழையதையெல்லாம் பெயர்த்தாயிற்று. பெயின்டர், இவர்களே பார்த்துக் கூட்டி வந்த ஆள், எனக்குப் பழக்கமில்லை. சுவரில் நான்கு இடத்தில் நான்கு பச்சையைப் பூசிக் காட்டினார். குட்டி ஸ்கூல் யூனிஃபார்மோடு அப்படியே வந்து நின்றாள். பக்கத்தில் நெட்டையன். இரண்டு பேரும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்து, ஒரே மாதிரி கண்ணைச் சுருக்கி... எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம் அவளுக்கு? நான் பின்னால் உளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"மூணாவதுல கொஞ்சம் நீலம் இருக்கு அங்கிள்."

"ஆமால்ல? மழை விட்டு அஞ்சு நிமிஷம் ஆன மாதிரி."

"அதான்! அதேதான்!"

பிறகுதான் என் நினைவு வந்து, "அப்பா, நீங்க சொல்லுங்க" என்றாள். விருந்தாளியிடம் காரம் சரியாக இருக்கிறதா என்று கேட்பது போல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றேன். எனக்கு நான்கும் பச்சையாகத்தான் தெரிந்தது.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் பெயின்டர் என்னிடம் சொன்னார்: "அப்பாவும் பொண்ணும் என்ன ஒத்துமை பாத்தீங்களா? நிறத்துல இவ்ளோ ரசனை எல்லாருக்கும் வராது."

வாசலில் குட்டியின் அம்மா நின்றிருந்தாள். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான்தான்யா அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உளியை எடுத்துக்கொண்டு போய், கொத்தத் தேவையே இல்லாத இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தேன்.

  

மார்ச் 17, திங்கள்

இன்று மேடைக்கல் வைத்தோம். கல்லுக்குக் கீழே நிற்கிற அலமாரிப் பெட்டிகளை நான்தான் செய்தேன். முப்பத்தாறுக்குச் செய்ய வேண்டியதை முப்பத்திரண்டுக்குச் செய்தேன்.

கை தவறவில்லை. இருபது வருடத்தில் எனக்கு அரை அங்குலம்கூடத் தவறியதில்லை.

கல்லைத் தூக்கி வைத்ததும் அவன் மேடைமேல் கையை வைத்துப் பார்த்தான். "கொஞ்சம் தாழ்வா இருக்கோ சார்?"

"ஒண்ணும் பண்ண முடியாது சார். சிங்க் தண்ணி வெளிய போற குழாய் சுவத்துல கீழ இருக்கு. மேடைய ஏத்தினா தண்ணி சரியா வடியாது."

சொல்லிவிட்டேன். மடமடவென்று வந்தது. முன்கூட்டியே மனசுக்குள் தயார் பண்ணி வைத்திருப்பேன் போலிருக்கிறது.

"ஓ, அப்படியா. உங்களுக்குத் தெரியாததா சார்" என்றான்.

குனியட்டும். மூன்று வேளையும் குனியட்டும்.

மார்ச் 18, செவ்வாய்

நல்லவனா இருந்து தொலைக்கிறானே, அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

வேலை முடிந்தது. கதவுகளில் கீல் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறது, இழுப்பறைகளை ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன. அந்தப் பச்சை — ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை — அந்தப் பச்சை சுவரில் ஏறி, இப்போது திறக்கிற ஜன்னல் வழியாக வெளிச்சமும் விழுந்ததும் அறையே வேறாகிவிட்டது.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். உட்கார்ந்தேன். அவன் சமைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொக்கு மீன் தேடுவது போல வளைந்து நின்று நறுக்கினான். முதலில் பார்க்கக் குஷியாக இருந்தது. பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக நிமிர்ந்தான். முகம் சுளித்தது.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். பழகிடும்" என்று அவளிடம் சொன்னான். எனக்குப் பரிமாறும்போதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதுவும் கடுப்பாக இருந்தது.

மார்ச் 29, சனி

குட்டி வந்தாள். மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். சிங்க்கில் தண்ணீர் சுழன்று இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒரு டவுட்."

"கேளு."

"தண்ணி மேலேர்ந்து கீழதானே போகும்?"

"ஆமா."

"அப்ப சிங்க்கை உயரத்துல வெச்சா இன்னும் நல்லாதானே வடியணும்? நீங்க அங்கிள்கிட்ட மாத்தி சொன்னீங்களாமே."

கையில் தட்டு. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லம்மா, அது வேற மாதிரி, சைஃபன்னு ஒண்ணு இருக்கு — என்னவோ உளறினேன். அவள் குழாயை மூடினாள்.

"நான் ஸ்கேல் வெச்சு அளந்து பாத்தேன்ப்பா. வெளிய போற குழாய் ரொம்பக் கீழதான் இருக்கு. எவ்ளோ வேணாலும் ஏத்தலாம். அவர் முதுகுவலிக்கு மாத்திரை போட்டுக்கறார். வேணும்னே பண்ணீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை சாமர்த்தியமாகச் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவாள். அளந்து பார்க்கிறவள். என் பெண். அந்தப் பெருமை வந்த அதே நொடியில்தான் தலையைத் தொங்கப் போட்டேன்.

"ஆமா" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. துண்டை எடுத்து, கழுவிய தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். அடித்தாற்போல இருந்தது.

மார்ச் 30, ஞாயிறு

சாயங்காலம்தான் கொண்டுபோய் விடுவது வழக்கம். இன்று காலை பத்து மணிக்கே போகணும் என்றாள். விட்டுவிட்டு வந்தேன். வண்டியில் போகும்போது என் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு நாள் வேலை ஓடவில்லை. இன்று அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு பேரும் இருந்தார்கள். குட்டி டியூஷன் போயிருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன், அந்த அளவுக்குத்தான் தைரியம்.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. "மேடை முப்பத்தாறுல வந்திருக்கணும். குழாய்னு சொன்னது பொய். வேணும்னே தாழ்வா வெச்சேன்."

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. பிறகு முகம் சிவந்தது. இந்த மனிதருக்குக் கோபம் வருமென்றே நான் நினைத்ததில்லை. "வயசாயிடுச்சுன்னு நெனச்சேன் சார் நான். ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். நாளைக்கு டைம் வாங்கியிருக்கேன்!"

அவள்தான் மெதுவாகப் பேசினாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பழைய வீட்டில் கடைசி வருடம் முழுக்கக் கேட்டது. "என் மேல கோவம்னா எனக்குப் பண்ணுங்க. நான் வாங்கிக்குவேன். இவர் உங்களுக்கு என்ன பண்ணினார்?"

என்ன பண்ணினார்? சமைத்தார். பெயர் வைத்தார். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தார். இதையெல்லாம் செய்யாதே என்று என்னை யாரும் தடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வந்து ஏத்திக் குடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னேன்.  இரண்டு பேரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆட்கள் மூன்று பேரோடு போனேன். கல்லைத் தூக்கி இறக்கினோம். கல்லுக்கு மேலே ஒரு வரிசை டைல்ஸை உடைத்து எடுத்தோம். பெட்டிகளின் மேல் நான்கு அங்குலச் சட்டம் கட்டினேன். அந்த இடைவெளி வீணாகக் கிடக்க வேண்டாம் என்று, கரண்டி வைக்கத் தட்டையாக மூன்று இழுப்பறையும் செய்து கொண்டுவந்திருந்தேன். சாயங்காலம் கல்லை ஏற்றி வைத்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். அவளும் குட்டியும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் கல்லோரம் பசை தடவிக்கொண்டிருந்தேன். அவர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒரு ஓரம் முடித்து அடுத்த ஓரத்துக்கு வந்தேன். பிறகு அவராகவே சொன்னார்:

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? எனக்கு உங்களக் கண்டாலே ஆகாது சார்."

நான் நிமிர்ந்தேன்.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து குட்டி வாயில அப்பா சொன்னார், அப்பா செஞ்சார், அப்பா இப்படித்தான் பாப்பார். கடைக்குப் போனா நாற்காலியக் கவுத்துப் போட்டு, 'மூட்டு போடாம ஆணி அடிச்சிருக்கான், அப்பா பாத்தா திட்டுவார்'ங்கறா. ஒரு ஸ்டூல் வாங்க முடியல என்னால. நிறத்துக்குப் பேர் வெக்கறதெல்லாம் எதுக்குன்னு நெனச்சீங்க? உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒண்ணாவது எங்களுக்குன்னு இருக்கட்டுமேன்னுதான்."

டார்ச் வெளிச்சம் கல்லை விட்டு விலகிப் போயிருந்தது.

உள்ளே எனக்கு ஜிலுஜிலுவென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இருந்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது. இந்த மனிதர் என்மேல் வைத்திருந்த பொறாமையை மனசுக்குள் போட்டுக்கொண்டு, ஒரு மாதமாகச் சிரித்த முகத்தோடு நடத்தி, எனக்குச் சாப்பாடும் போட்டிருக்கிறார். நான் என்னுடையதைக் கல்லும் பலகையுமாக அவர் வீட்டுக்குள்ளேயே கட்டி வைத்தேன்.

"டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

காட்டினார்.

ஏப்ரல் 12, சனி

குட்டி வந்தாள். அதிகம் பேசவில்லை. சாயங்காலம் வண்டியில் ஒரு திருப்பத்தில் தோளைப் பிடித்தாள். திருப்பம் முடிந்தும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

பெயின்ட் அடிக்கக் குட்டியின் அறைதான் பாக்கி. "நிறம் பாக்க நீங்களும் வாங்க, இல்லேன்னா அப்புறம் நான்தான் மாட்டிக்குவேன்" என்று அவர் போன் செய்திருந்தார். போனேன். சுவரில் பூசிக் காட்டச் சின்னச் சின்ன டப்பா வாங்கி வைத்திருந்தார். நான் ஒரு வெளிர் ஊதாவை எடுத்தேன். இந்த முறை குட்டியைக் கேட்டுத்தான், "இப்ப உனக்கு எது பிடிக்கும்?" என்று. தோளைக் குலுக்கினாள். அவர் ஒரு சாம்பல் கலந்த நீலத்தை எடுத்து, அதற்கு நல்ல பெயர் ஒன்றும் வைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசினோம். எதைச் சொல்லப் போகிறாளோ என்று இரண்டு பேரும் பிரஷ்ஷோடு நின்றோம்.

அவள் இரண்டையும் பார்த்தாள். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். செங்கல் நிறம்.

"இதுதான் வேணும். என் கிளாஸ்ல ஒரு பையன் அவன் ரூமுக்கு அடிச்சிருக்கான். சூப்பரா இருக்கு. அவன்தான் எனக்கும் இது நல்லா இருக்கும்னு சொன்னான்."

சொல்லிவிட்டு அம்மாவிடம் காட்டப் போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊதா காயத் தொடங்கியிருந்தது.

"எந்தப் பையன்?" என்றேன் மெதுவாக.

"எனக்கென்ன தெரியும்? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார் அதைவிட மெதுவாக.

"விசாரிக்கணும் சார்."

"கண்டிப்பா விசாரிக்கணும் சார்."