கிருஷ்ணம்மாவின் மத்தியானத் தூக்கம்

பெக்கோக் ரப்பர்த் தோட்டம்,
தை மாதம், 1934

மாரியம்மன் துணை.

அன்பு மகள் ராஜம்மாவுக்கு உன் அம்மா கருப்பாயி சொல்லச் சொல்ல, தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஜெயபாலன் வாத்தியார் எழுதுவது. விடாத மழையிலும் நானும் அப்பாவும் சோறு தண்ணீருக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், கெடாவில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் எங்களைவிட நன்றாக இருக்க ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். மழையால் பாதி நாள் ரப்பர் மரம் வெட்டு இல்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை. உன் கடுதாசி வந்தது. பேரன் தவழ ஆரம்பித்ததிலிருந்து காலையில் தூங்க மாட்டேன் என்கிறான், அவன் போடும் கூச்சலில், வேலைக்குப் போகையில் நீ விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் மற்ற பிள்ளைகளும் எழுந்துவிடுகின்றன, தூங்க மருந்து கொடுக்கட்டுமா என்று ஆயா கேட்கிறாள், கொடுக்கலாமா அம்மா என்று எழுதியிருக்கிறாய். அதை வாத்தியார் வாசித்ததும் அடுப்பில் இருந்த சோற்றை மறந்துவிட்டேன், அடி பிடித்துப்போனது. கொடுக்காதே. எந்தப் பெயர் சொல்லிக் கொடுத்தாலும் வேண்டாம்.

பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்லை, வளர்கிறான், அவ்வளவுதான். கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடிப்பதும் தூங்குவதுமாக இருந்தான், இப்போது அவனுக்கு வேடிக்கை பார்க்க ஊரே இருக்கிறது. காலைத் தூக்கம் தானாகக் குறையும், அதை இழுத்துப் பிடிக்காதே. காலையில் தரையில் விட்டு விளையாடட்டும், வெயில் ஏறியதும் மேலுக்குத் தண்ணீர் ஊற்றி, கஞ்சி கொடுத்து, அப்புறம் ஏணைத் தொட்டிலில் போடச் சொல், ஒரே தூக்கமாக நன்றாகத் தூங்குவான். கொஞ்ச நாளைக்குச் சிணுங்கத்தான் செய்வான், ரொம்பச் சோர்ந்த நாளில் காலையிலும் சற்றுக் கண்ணசர விடு. ஆனால் பொழுது சாயும்வரை தூங்கவிடாதே, ராத்திரி உங்கள் இருவரையும் உட்காரவைத்துவிடுவான்.

வீரமுத்துவும் இந்த வயதில்தான் காலைத் தூக்கத்தை விட்டான். உன் தம்பி காய்ச்சலில் போனான் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம், அது பொய். அப்போது கொட்டகையில் ஆயா கிருஷ்ணம்மா, கங்காணி பெண்டாட்டி. அவன் அழுது அழுது அவள் பொறுமையைக் கெடுத்தான், பிறகு ஒரு நாள் திடீரென்று சாதுவாகிவிட்டான். பால் கொடுக்க ஓடி வருவேன், ஏணையில் அசையாமல் கிடப்பான், மார்பு கட்டி வலிக்கும், வாயில் வைத்தாலும் உறிஞ்ச மாட்டான். நல்லாத் தூங்க வைக்கிறாளே என்று அவளுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தேனடி. அவன் எழுந்திருக்காத அன்றைக்குத்தான் பார்த்தேன், அவன் நாக்கில் கறுப்பாக ஒட்டியிருந்தது, அவள் சுண்டுவிரல் நகத்துக்குள்ளும் அதே கறுப்பு. அபின். வாயைத் திறந்தால் தோட்டத்தை விட்டே துரத்திவிடுவேன் என்றான் கங்காணி. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கே போவது, வாயை மூடிக்கொண்டேன். மனதை மூடவில்லை.

இப்போது கேள். கங்காணி செத்தபின் பெரிய வீட்டைப் பிடுங்கிக்கொண்டு, போன ஆவணியில் அவளை நம் கூலிக்காரர் லயத்துக்கே அனுப்பிவிட்டார்கள், அதுவும் பக்கத்து வீட்டுக்கு. இரவெல்லாம் இருமுகிறாள், மத்தியானம்தான் கண் அசருகிறாள். நடுச்சுவர் கூரைவரை இல்லை என்பது உனக்குத் தெரியுமே. அவள் படுத்ததும் நான் வெறும் ஏணையைக் கட்டி ஆட்டிக்கொண்டு, வீரமுத்து பெயரைச் சொல்லித் தாலாட்டுப் பாடுகிறேன். அவள் புரள்வது கேட்கும்வரை பாடுவேன். ஒரு நாளும் விட்டதில்லை. இதை எழுத வேண்டுமா என்று வாத்தியார் கேட்கிறார், ஒரு எழுத்துக்கூட விடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் அவளே வாசலுக்கு வந்து நின்றாள், கண் இரண்டும் குழிவிழுந்து கிடந்தது. என்னைத் தூங்க விடு கருப்பாயி என்றாள். அன்றைக்கு நடந்ததைச் சொல், விடுகிறேன் என்றேன். தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள், நடுவிலே ஒருதரம் முழிச்சிக்கிட்டான், வாசலைப் பார்த்து ஒன்னைத்தான் தேடி அழுதான், அதனாலேதான் இன்னொரு தரம் தடவினேன் என்று. விடுகிறேன் என்று சொன்னது உண்மைதான், அந்த வாக்கைக் காப்பாற்றப் போவதில்லை. பாவம், கிழவி, மன்னித்துவிடு என்கிறார் அப்பா. அவர் மன்னிக்கட்டும், அவருக்குப் பால் கட்டவில்லை.

உன் பிள்ளை முழித்து உன்னைத் தேடினால் வெட்டுகிற மரத்தை விட்டுவிட்டு ஓடிப் போ, வேலை வாங்கும் தண்டல் ஏசினால் ஏசிக்கொண்டு போகட்டும். மாலையில் அவனைத் தூக்கியதும் வாயை முகர்ந்து பார், அந்த ஆயாவின் நகத்தையும் பார். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, மறக்காதே. நீங்கள் மூவரும் நூறு வயதுக்கு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், பேரன் ஓயாமல் கத்திக் கூப்பாடு போட்டு வளர வேண்டும்.

வாத்தியாரைப் போகச் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விரிக்கும் சத்தம் கேட்கிறது, நான் ஏணையைக் கட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
உன்னையும் வீரமுத்துவையும் பெற்ற அம்மா
கருப்பாயி (கைநாட்டு)