ஆறாவது வரி

என் பிரியமுள்ள அக்கா,

இன்று காலை நூற்று ஐம்பத்தொன்பது ராத்தல் இருந்தேன். டாக்டரம்மாவின் அறையிலுள்ள எடை மெஷின் சொன்னது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது நூற்று எழுபத்திரண்டு. நீ இருந்திருந்தால் பாதி ஆளாகிவிட்டேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே அடுப்படிக்குப் போய் எதையாவது நெய்யில் போட்டு வதக்கியிருப்பாய்.

ஆமாம் அக்கா, எனக்கும் வயிற்றில் கட்டிதான். உனக்கு வந்த அதே கட்டி, உன்னைச் சேர்த்த அதே ஆஸ்பத்திரி. அறுத்து எடுத்து மூன்று மாதமாகிறது. பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். விடிந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டுப் பாயில் படுத்து, மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, ஒவ்வொரு காலாக ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குகிறேன். முதல் வாரத்தில், ஒரு காலை ஐந்து தடவை தூக்குவதற்குள் செபமாலையில் பத்து மணி சொல்லி முடித்துவிடலாம் போலிருந்தது. யாரும் பார்க்காவிட்டாலும் கூச்சமாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் சொல்ல உனக்குக் கடிதம் எழுதவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். என் பழக்கம் உனக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒரு காகிதம் கொடுப்பார்களே, இங்கிலீஷில் டைப் அடித்தது, எட்டு வரி. எனக்கும் கொடுத்தார்கள். வண்டியில் வரும்போது பிரித்துப் பார்த்தேன். வரிக்கு வரி உன் காகிதத்தில் இருந்ததேதான். ஆறாவது வரிக்கு வந்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நான்கு வருஷத்துக்கு முன் உன் வீட்டுக் கூடத்தில் அந்தக் காகிதத்தை நான் வாசித்த சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். யுத்த காலம். ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. நீ கட்டிலில் சாய்ந்திருந்தாய். அத்தான் மரப்பட்டறையிலிருந்து வந்து, கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். "நீதாம்மா படிச்ச பொண்ணு. என்ன போட்டிருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லு" என்றார்.

ஒன்று விடாமல்தான் சொன்னேன், ஐந்து வரி வரைக்கும். நெய்யும் இனிப்பும் குறைக்க வேண்டும், பளு தூக்கக் கூடாது, படுக்கையில் இந்த இந்தப் பயிற்சி. ஆறாவது வரியை மனசுக்குள் படித்தேன். வாய் திறந்து, "வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் நடமாடலாம்" என்று சொன்னேன்.

அந்த வரி அப்படிச் சொல்லவில்லை.

ஏன் செய்தேன்? அதற்கு முந்தின வருஷம் நாம் இரண்டு பேரும் லஸ்ஸிலிருந்து ஜட்கா வண்டியில் வந்தோமே. நாம் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டி சாய்ந்தது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "ஒருத்தராவது முன்னால வந்து குந்துங்கம்மா, குதுர மேல பறக்குது" என்றான். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. டிராமுக்காக, நான் பாடம் நடத்தும் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் அங்கே நின்றிருந்தார்கள். மறுநாள் கரும்பலகையில் ஒரு குதிரை ஆகாயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் குதிரைதான் அக்கா காரணம். வேலை எதுவும் இல்லாமல், கையில் பைகூட இல்லாமல், தினமும் காலையில் நாம் இருவரும் சேர்ந்து சாந்தோம் ரோட்டில் நடப்பதை நினைத்தேன். பள்ளிக்கூடத்துப் பெண்கள் எதிரே வருவதை நினைத்தேன். நீ வலியோடு படுத்திருந்தாய். நான் என் மானத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். களைப்பு என்று நினைத்தேன்.

வீட்டுக்குள்ளேயே என்றதும் அத்தானுக்கு நிம்மதி. உன்னைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. பங்கீட்டில் கிடைத்த சர்க்கரையில் தன் பங்கையும் உனக்கே போட்டார். நெய்யைக் குறைக்கச் சொல்லி நான் வாசித்ததை மட்டும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ கனத்துக்கொண்டே போனாய். ஒரு வருஷத்தில் கோயில் படி ஏறவே மூச்சு வாங்கியது. அடுத்த வருஷம் உன் இருதயம் நின்றுவிட்டது.

நடந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? டாக்டரம்மாவிடம் யாருக்கோ நேர்ந்தது போலச் சொல்லிக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இருந்திருக்கவும் கூடும், இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். அந்த இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டு சில நாள் நன்றாகத் தூங்கினேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில், பொய் சொன்னேன் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். என்ன பொய் என்று சாமியார் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. அத்தானோ எப்போது பார்த்தாலும் ஒன்றையே கேட்கிறார்: "டாக்டர் சொன்னபடிதானேம்மா வச்சுப் பார்த்துக்கிட்டேன்? நான் ஒண்ணும் தப்புப் பண்ணலியே?" இல்லை அத்தான் என்பேன். அவருக்கு அது போதவில்லை. அடுத்த தடவையும் கேட்கிறார்.

இப்போது என் முறை வந்தது. நடந்தாக வேண்டும், கூட வர ஒருவரும் இல்லை. கொல்லைப்புறக் கிணற்றைச் சுற்றினேன். இருபது சுற்று. மீன் கொண்டுவரும் அஞ்சலையை மறந்திருக்க மாட்டாய். அவள் கூடையோடு பின்பக்கமாக வந்து, சத்தமில்லாமல் நாலைந்து சுற்றுப் பார்த்திருக்கிறாள்.

"இன்னா டீச்சரம்மா, கெணத்த சுத்திக்கினே கீறே? உள்ள எதுனா வுயுந்துட்ச்சா?"

டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன்.

"அப்ப ரோடு இன்னாத்துக்குப் போட்டு வச்சிக்கீறான்? வா எங்கூட."

அப்படித்தான் வெளியே வந்தேன். அவள் தலையில் கூடை, என் வயிற்றில் வேட்டிக் கட்டு. அவள் ஒரு வீட்டில் மீன் போட்டு முடிக்கும்வரை நான் சுவரைப் பிடித்து மூச்சு வாங்குவேன். நாலாம் நாள் என் வகுப்புப் பெண்கள் எதிரே வந்தார்கள். "குட் மார்னிங் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். நான்கு வருஷமாக நான் பயந்தது அவ்வளவுதான், அக்கா.

போன வாரம் நடந்துகொண்டே அஞ்சலை சாதாரணமாகச் சொன்னாள்:

"பெரியம்மாவயும் இப்டிதான் கூப்ட்டேன். ஆஸ்பத்திரிலயே நர்சம்மா சொல்லி அனுப்ச்சிதாம், தெனம் ரோட்ல நடக்கணும்னு. வர்லன்னுட்ச்சு. 'தங்கச்சிக்குக் கூட வர வெக்கமா கீது அஞ்சல, பாவம். நான் உங்கூட நடந்தா, கூடப் பொறந்தவ எங்கன்னு நாலு பேரு அவளக் கேப்பாங்க. வுட்டுடு'ன்னிச்சு."

சொல்லிவிட்டு, எதிர்வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள் என்று கூடையோடு போய்விட்டாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் வாசிக்கும்போதே தெரிந்திருக்கிறது. நான் பொய்யை முடிக்கும்வரை காத்திருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு அந்தப் பொய்யை எனக்காகக் கட்டிலில் படுத்துக் காப்பாற்றியிருக்கிறாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

நான் காலேஜுக்குப் போன நாலு வருஷமும், பெண் தனியாகப் போகக் கூடாது என்று அப்பா சொன்னதால், நீதான் தினமும் லஸ் டிராம் வரைக்கும் என்னோடு நடந்து வந்தாய். சாயங்காலம் மறுபடி வந்து நின்றாய். மழையில் ஒரே குடையை என் புத்தகங்கள் பக்கமே சாய்த்துப் பிடிப்பாய். அப்படி நடந்து நடந்து நீ எனக்கு வாங்கிக் கொடுத்த இங்கிலீஷைக் கொண்டுதான் அந்தக் காகிதத்தை உனக்கு வாசித்தேன்.

உன் காகிதம் இன்னும் அத்தானின் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதை அவருக்கு முழுதாக வாசிக்கப் போகிறேன். அதற்கு முன், அதே வரியை என் காகிதத்திலிருந்து உனக்கு வாசிக்கிறேன். வேறு யார் கேட்டாலும் கேட்கட்டும்.

ஆறாவது வரி: ஆறு வாரம் கழித்து நோயாளி தினமும் காலையில் வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டும். முதலில் கால் மைல். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். குடும்பத்தில் ஒருவர் உடன் நடந்து வருவது நல்லது.

படிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் வீட்டுக்கு நடந்தே போவேன். இந்தத் தடவை அத்தான் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன். தப்பு உங்களுடையது இல்லை, நான் வாசித்ததுதான் தப்பு என்று சொல்வேன். அவர் என் முகத்தில் கதவைச் சாத்தினால், திரும்பி நடந்து வர என் காலில் இப்போது பலம் இருக்கிறது. மறுநாளும் போவேன். இது சத்தியம்.

நீ டிராம் வரைக்கும் கொண்டுபோய் விட்ட
உன் தங்கை,
ரெஜினா