முதுகில் ஒட்டிய டேப்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனம் எப்படி இருக்கிறது என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். நீ நலம் என்று எழுதியிருந்தாய், அடுத்த வரியிலேயே என் கைதான் சரியில்லை போலிருக்கிறது அப்பா என்றும் எழுதியிருந்தாய். முதல் வரியை நான் நம்பவில்லை, இரண்டாவது வரி பொய் என்பதை நிரூபித்துவிட்டேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. படியேறக் கூடாது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து ஏதாவது ஒரு சாக்கில் மாடிக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள், கேட்டால் டாக்டரா வந்து துணி காயப்போடுவாரு என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வெளியூர் வேலைக்குப் போன பின்பு, இதுவரை நீ கத்தி தீட்டிவந்த உன் சித்தப்பாவின் பட்டறையிலிருந்து சலூனுக்குப் போன சவரக்கத்திகள், முகம் எரிகிறது என்ற புகாருடன் திரும்பி வந்தன. அவையெல்லாம் நீ கிளம்பும் அவசரத்தில் தீட்டியவை என்று உன் சித்தப்பா சொன்னான். சலூன்காரர் அதை நம்பி, உன்னைப் பற்றி விசாரித்த உன் புதிய முதலாளியிடமும் அதையே சொல்ல, அவர் உன்னைச் சவரக்கத்தி வேலையிலிருந்து எடுத்துச் சமையலறைக் கத்திகளுக்கு மாற்றிவிட்டார். இதுவரை நடந்தது மற்றவர்களின் அநியாயம். அதற்கு மேல் நீயாகவே சலூன்காரருக்கு மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறாயே, அதை நான் என்னவென்று சொல்வது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தும் தன் காலைக் குறை சொல்லிக்கொண்டவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

திரும்பி வந்த கத்திகளை வாங்கி ஜன்னலருகே வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். கல்லூரியில் உலோகவியல் கற்பிக்கிறவனுக்கு இதற்கு மேல் கருவி தேவைப்படவில்லை. சவரக்கத்தியைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும், முதுகின் தடிமன்தான் கூரின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. இது உனக்குத் தெரியாததல்ல, ஆனால் உன் அம்மா படித்து முடித்த பிறகுதான் இக்கடிதம் உறைக்குள் போகும், அவளுக்காக எழுதுகிறேன். முதுகு தேயாமலிருக்கச் சிலர் அதில் டேப் ஒட்டித் தீட்டுவார்கள், தவறில்லை, ஆனால் ஒட்டினால் கடைசிக் கல் வரைக்கும் ஒட்டியிருக்க வேண்டும். நீ எந்தக் கல்லிலும் டேப் ஒட்டியதில்லை. இந்தக் கத்திகளின் முதுகிலோ பசை பிசுபிசுத்தது. கூரின் சரிவு முழுவதும் கண்ணாடிபோல் மின்னியது, நுனியில் மட்டும் நூலளவுக்கு மங்கலான பட்டை, அதில் சொரசொரப்பான கல்லின் கீறல்கள் அப்படியே இருந்தன. அந்தச் சரிவில் மை தடவி, கடைசியில் மெருகேற்றும் நுண்ணிய கல்லில் ஒருமுறை இழுத்தேன். நடுவில் மை அழிந்தது, நுனியில் அழியவில்லை. அதாவது முதல் கல்லுக்கு டேப் ஒட்டி, கடைசிக் கல்லுக்கு அதை உரித்துப் போட்டிருக்கிறான் உன் சித்தப்பா, முதுகு தாழ்ந்துவிட்டதால் நுண்ணிய கல் கூரைத் தொடவேயில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு வாசற்படியை விட்டதுபோல.

மையுடன் அந்தக் கத்தியை அவன் முன்னால் வைத்தேன். முதலில், கடைசிக் கல்லு வெறும் இரும்பத் தொட்டாதானே அண்ணே மெருகு ஏறும் என்றான். பிறகு பசையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலைத் துடைத்துக்கொண்டே, சலூன் வேலை கையவிட்டுப் போயிடும்னு பயந்துட்டேன், அவதான் தூரத்துல இருக்காளே, அவளுக்கு என்ன ஆகிடப்போகுதுன்னு நெனச்சேன் என்றான். தப்பாகத் தீட்டியதை நான் அக்கணமே மன்னித்துவிட்டேன். தூரத்தில் இருக்கிறாளே என்றதை மன்னிக்கவில்லை. நான் குரலை உயர்த்தவில்லை, சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பு என்று மட்டும் சொன்னேன்.

சலூனுக்கு இரண்டு கத்திகளை எடுத்துப் போனோம். ஒன்று அவன் தீட்டியபடியே இருந்தது, மற்றதை நீ செய்வதுபோல் டேப் இல்லாமல் முதல் கல்லிலிருந்து தீட்டித் தோல்வாரிலும் இழுத்து வைத்திருந்தேன். சலூன்காரர், யார் மூஞ்சில பாக்குறது சார் என்று கேட்டார். நான் என் தம்பியைப் பார்த்தேன். அவனே போய் நாற்காலியில் உட்கார்ந்தான். இடது கன்னத்தில் அவனுடைய கத்தி இறங்கியதும் கண்ணில் நீர் கட்டியது, லேசா இழுக்குது, வேற ஒண்ணுமில்ல என்றான். சவரத்துக்குக் காத்திருந்த ஒரு பெயின்டர், அண்ணே, இந்தச் சத்தம் எனக்குத் தெரியும், பழைய சுவரச் சொரண்டுனா இப்படித்தான் கேக்கும் என்றார். வலது கன்னத்தில் மற்ற கத்தி போனபோது கடையில் யாருக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சலூன்காரர் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, பாவம் பண்ணிட்டேன் சார் என்று அங்கேயே உன் முதலாளிக்குத் தொலைபேசியில் பேசினார், பொண்ணு மேல தப்பில்ல, தீர விசாரிக்காம நாந்தான் வாய விட்டுட்டேன் என்றார். உன் முதலாளி கறாரான மனிதர் போலிருக்கிறது, நீங்க சொன்னா போதாது, திங்கட்கிழமை என் கண்ணு முன்னாடி ஒரு கத்தி தீட்டட்டும் என்றாராம். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

விலையுயர்ந்த புதுக் கல் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம், உன் மேல் சந்தேகப்பட்டு வாங்குகிற கல் எதுவும் உனக்கு உதவாது. பிற்பாடு ஆசைக்கு வாங்கினால், நனைத்துவிட்டு ஈரம் உலரும்போது பார், விரிசல் இருந்தால் அந்தக் கோட்டில் மட்டும் ஈரம் தங்கும். நகத்தால் தடவிப் பார், ஒரேயொரு கடினமான மணல்பொடி தட்டுப்பட்டாலும் விட்டுவிடு, அது கூரில் பல் விழவைக்கும். இருக்கிற கல்லில் பென்சிலால் கட்டம் கீறி, மேடுபள்ளமில்லாத தட்டில் வைத்துத் தேய், கோடு அழியாத இடமெல்லாம் பள்ளம். ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்துவைத்துவிட்டு நேரத்தோடு தூங்கு. திங்கட்கிழமை அவர் முன்னால் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்காதே, மை மட்டும் கேள்.

நீ எந்தக் குறையுமின்றி நீடு வாழ வேண்டும், உன் கைக்கும் சேர்த்தே என் ஆசிகள். அம்மாவும் ஆசி சொல்லச் சொன்னாள், காலை வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகக் கூடாதாம். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அதில் எழுத வேண்டியவன் எழுதாமல் இக்கடிதம் தபாலுக்குப் போகாது.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

பாப்பா, சித்தப்பா எழுதுறேன். டேப்ப ஒட்டுனதும் நான், உரிச்சதும் நான், உம் பேரச் சொன்னதும் நான். உங்கப்பா ஒரு வார்த்தை திட்டல, அதான் தாங்க முடியல. இடது கன்னம் இன்னும் எரியுது. எரியட்டும்.