இசக்கியின் இடது கை

2 மார்ச் 1976, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். கரண்ட் இல்லை. நான் வரைய வேண்டிய அரசாங்கப் போஸ்டர் நாளைக்கே வேண்டுமாம். அவசரநிலை வந்ததிலிருந்து ஆபீஸில் எல்லாமே நாளைக்கே. வாசகம் மலையாளத்தில் வந்துவிட்டது: வதந்தி பரப்புகிறவன் நாட்டின் எதிரி.

நல்ல குடும்பம், நல்ல விவசாயி என்றால் பழைய காலண்டரைப் பார்த்துப் போட்டுவிடலாம். எதிரிக்கு எங்கே போவது? கற்பனையில் வரைந்தால் எனக்குப் பொம்மைதான் வரும். தெரிந்த ஆளை நினைத்துக்கொண்டால்தான் பென்சில் ஓடும்.

டெய்லர் இசக்கி வந்தார் மனசில். மழை வரும் என்பதைக்கூட இடது கையால் வாயை மறைத்து, காதருகே குனிந்துதான் சொல்வார். கண்ணாடிக் காம்பு ஒடிந்து நூல் கட்டியிருப்பார். மூக்கை மாற்றினேன். கையையும் நூலையும் விட மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

இசக்கியிடம் சட்டைத்துணி கொடுக்க வேண்டும். மறக்காமல்.

9 மார்ச், செவ்வாய்
போஸ்டர் ஊரெல்லாம். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வரிசையாக. பிரமாதம் என்று ஆபீஸர் தோளில் தட்டினார். "அசலாயிட்டுண்டு, சாமீ. ஜீவனுள்ள முகம்." வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் சரசு: "ஏன்னா, அது நம்ம டெய்லர்னா!"
"இல்லை. யாரோ ஒருத்தன்."
"கண்ணாடியில நூல்கூட இருக்கே."
காப்பி ஆறிவிட்டது என்று எரிந்து விழுந்தேன்.

12 மார்ச், வெள்ளி
கரமனையில் இசக்கி கடைக்கு நேர் எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஸ்டாப்பில் கண்டக்டர், "வதந்தி ஸ்டாப், இறங்ஙிக்கோ!" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கடைக்குள்ளிருந்து இசக்கியும் சிரித்தார்.

ஆனால் அடுத்த வீட்டு மாமி ரவிக்கைத் துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கி வந்துவிட்டாள். தெருக்கதை முழுக்க அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்தான். போன வாரம் நான் கொடுத்த சட்டைத்துணி? அவரிடமே இருக்கட்டும் என்று விட்டேன். போய்க் கேட்க முகமில்லை.

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

15 மார்ச், திங்கள்
இசக்கியைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டது. டீக்கடையில் என்னவோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை. கையை வாயில் வைத்துச் சொன்னார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த வீட்டு மாமா: "அவன் பேசற தினுசே ஒரு மாதிரி ஓய். எனக்கு அப்பவே சந்தேகம்."

எப்பவே? பத்து வருஷமாக அதே கை, அதே காது. சந்தேகம் வந்தது சுவரைப் பார்த்த பிறகு. அதை மாமாவிடம் சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

18 மார்ச், வியாழன்
வெயில் தாங்கவில்லை. இசக்கியின் பெண்சாதி பேச்சி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"சாமி, நீங்க கவுர்மெண்டு ஆப்பீஸ்ல இருக்கிய. ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? அவுகளுக்குக் கையை அப்படி வச்சுப் பேசித்தான் பழக்கம். வேற ஒண்ணும் அறியாது."

பார்க்கிறேன் என்றேன். சரசு என்னைப் பார்த்த பார்வை!

ஆபீஸர் அறை வரை போனேன். படிக்கட்டில் ஒத்திகை வேறு: சார், டெய்லர் ஜாடையில் வரைந்தது நான், அந்த ஆள் அப்பாவி. உள்ளே போனதும் அவர் முந்திக்கொண்டார். அடுத்த போஸ்டர் நல்ல குடிமகனாம். "அதுபோலத் தன்னே, ஜீவன் வேணம்." சரி சார் என்று திரும்பினேன். சொல்லியிருந்தால், அந்த மாதிரி ஆளோடு உனக்கென்ன சகவாசம் என்று கேட்பார். வேலை போகும். என்னையும் கூட்டிப் போவார்கள். பயம்தான். வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். அயோக்கியன் நான்.

நல்ல குடிமகன் வரவே இல்லை. மூன்று தாள் கிழித்தேன்.

21 மார்ச், ஞாயிறு
மத்தியானம் சின்ன மழை. இசக்கியை விட்டுவிட்டார்கள். சட்டையைத் தைத்து எடுத்துக்கொண்டு அவரே வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. கண்ணாடி இல்லை. கூலி வாங்க மறுத்தார்.

ஏதோ சொல்ல வந்தார். இடது கை பாதி எழும்பியது. சட்டென்று வலது கையால் பிடித்துக் கீழே இறக்கினார்.

"பேசும்போ இது தன்னால போகுது சாமி. தொழிலுக்கு வேணும், வெட்டி எறியவும் முடியாது. நீங்க படம் வரையற ஆளு. கையை எப்படி வச்சா நல்லவன் மாதிரி இருக்கும்? நீங்கதான் சொல்லித் தரணும்."

தெரிந்துதான் கேட்டாரா, தெரியவில்லை. கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

எழுந்து நின்று, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டித் தொங்கவிட்டுக் காட்டினேன். அவர் அப்படியே நின்று பார்த்தார்.

"இப்படியா சாமி?"

இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, என்றேன்.