நண்டுக்கு வழிவிட்டவன்

நவம்பர் 3, திங்கள் (விடுமுறை)

ஃபுகுவோகாவிலிருந்து மகள் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். மேலே எழுதியிருந்த பெயர் என் மனைவி சடோகோவினுடையது. உள்ளே இருந்த கடிதம் மட்டும் எனக்கு. ஒன்றரை வருடத்தில் மினோரி எனக்கு எழுதிய முதல் கடிதம். 'அன்புள்ள அப்பா' எல்லாம் இல்லை. 'டிவி ரிமோட்டைப் பிடித்தபடியே தூங்கும் நபருக்கு' என்று தொடங்குகிறது. மறுக்க வழியில்லை.

விஷயம் இதுதான். அவளும் கோந்தோ என்ற கூட்டாளியும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்கிறார்கள். அதில் சண்டை முறை வைத்து நடக்கும். நாம் ஒன்று செய்ய வேண்டும், பிறகு எதிரி ஒன்று செய்யும், பிறகு மறுபடி நாம். அது மினோரியின் யோசனை. கோந்தோவுக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை, பட்டனைத் தட்டத் தட்ட அடி விழ வேண்டும் என்கிறாராம். ஆகவே ஒரு பந்தயம். கேம் பழக்கமே இல்லாத ஐந்து பேர் முதல் பாகத்தை ஆட வேண்டும். மூன்று பேராவது விரும்பி முடித்தால் முறைச் சண்டை இருக்கும். இல்லையென்றால் மொத்தத்தையும் மாற்றிவிடுவார்கள். மாதக் கடைசியில் முடிவு.

நான் ஐந்தாவது ஆள். ஆட வேண்டிய கேமும் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கிறது. வேறு யாரும் கிடைக்கவில்லை போல.

இந்தக் கேமுக்காகத்தான் அவள் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு வேலையை விட்டாள். அன்று நான் கேட்டேன், "கேம் செஞ்சு எவனாவது சோறு தின்னிருக்கானா?" சடோகோ உடனே, "நாம இருக்கிறது ஜப்பான்ங்க. பாதி ஊரு அதுலதான் தின்னுது" என்றாள். அதன் பிறகு மினோரி என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் 5, புதன்

முதல் சண்டை. எதிரி ஒரு நண்டு.

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தொன்பது வருடமாக மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவன். முதல் நாள் முதல் பாடமே வழிவிடுவதுதான். திரையில் நான்கு கட்டளைகள்: தாக்கு, தடு, மருந்து, வழிவிடு. யோசிக்கவே இல்லை. வழிவிடு.

நண்டு வந்து கடித்தது. மறுபடி வழிவிட்டேன். மறுபடி கடித்தது. இப்படியே பத்து நிமிடம்.

"என்னங்க பண்றீங்க?"

"அது போகட்டும்னு நிக்கிறேன்."

"அது நண்டுங்க. லாரி இல்ல."

செத்த பிறகு விளக்கத்தைப் படித்தேன். வழிவிடு என்றால் எதிரிக்கு அல்ல, நம் முறையை நம் கூட்டாளிக்குக் கொடுப்பது. என்னிடம் இருந்தது ஒரு படகுத் தலைவனும் ஒரு சமையல்காரரும். தலைவன் சமையல்காரருக்குக் கொடுக்க, சமையல்காரர் தலைவனுக்குத் திருப்பிக் கொடுக்க... உடோன் நூடுல்ஸ் கடை வாசலில் இரண்டு பெண்கள் 'நீங்க முதல்ல', 'ஐயோ, நீங்க முதல்ல' என்று நிற்பதைப் போல நின்றிருக்கிறார்கள். இருவரையும் ஆட்டி வைத்தவன் நான் ஒருவனே என்பதுதான் வெட்கக்கேடு.

நவம்பர் 6, வியாழன்

நண்டைக் கொன்றேன். கொஞ்சம் பாவமாக இருந்தது. மாலை சடோகோ நண்டு வைத்துப் பொரித்த குரோக்கே உருண்டை வாங்கி வந்தாள். வேண்டுமென்றேதான்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று தெராவோகா மேடத்துக்கு வகுப்பு. நாற்பத்தொரு வயது, ஆஸ்பத்திரி நர்ஸ், இன்னும் வண்டியைப் பின்னால் எடுக்க வராது. பேச்சுவாக்கில் கேமைப் பற்றிச் சொல்லித் தொலைத்தேன். மனுஷி இதில் கரை கண்டவராம். சின்ன வயதிலிருந்து இந்த மாதிரி கேம்தான் ஆடுகிறாராம்.

"சார், மருந்து எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"அறுபத்திரண்டு பாட்டில்."

"ஒண்ணுகூடக் குடிக்கலையா?"

"கடைசியில தேவைப்படுமே."

"எல்லாரும் அப்படித்தான் சேத்து வெப்பாங்க. கடைசியில ஆள் போயிடுவாரு, மருந்து மட்டும் மிஞ்சும். நான் டெய்லி பாக்குறேன் சார்."

நர்ஸ் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல கேம் எது, மோசமான கேம் எது என்று கேட்டேன். "அந்தக் காலத்துல பலம் ஏத்தணும்னு நாள் பூரா குட்டிப் பூச்சியா அடிச்சிட்டிருப்போம். அது ஆட்டமா, வீட்டு வேலையா? இப்ப நல்லதா வர்றதுல ஒவ்வொரு சண்டையும் ஒரு கேள்வி கேக்கும் சார். அடுத்து யார் முறைன்னு மேல வரிசையா காட்டிடும், எதையும் ஒளிக்காது. தோத்தா அதே இடத்துல மறுபடி நிப்பாட்டும். அப்புறமும் அடி வாங்கினா, நாம யோசிக்கலன்னு அர்த்தம்."

இதைச் சொல்லும்போது சிவப்பு விளக்கைத் தாண்டப் பார்த்தார். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். யோசிக்கச் சொல்லிக்கொண்டே யோசிக்காமல் ஓட்டுகிறவர்.

நவம்பர் 15, சனி

இப்போது படகில் மூன்று பேர். புதிதாக ஒரு தச்சர் சேர்ந்திருக்கிறார்.

ஆனால் இந்தத் தீவில் நடக்கிறோம், நடக்கிறோம், நடந்துகொண்டே இருக்கிறோம். பிறகு சமையல்காரர் தன் ஊர் சூப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் கண் விழித்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 19, புதன்

முதல் பாகத்தின் கடைசி எதிரி: மூடுபனிக்குள் தொங்கும் ஒரு பெரிய மணி. அது அடிக்கும், நாங்கள் சாவோம். இதுவரை பதினொரு தடவை. மருந்தெல்லாம் தீர்ந்தது. தெராவோகா மேடம் சந்தோஷப்படுவார்.

மாலை மினோரி சடோகோவின் போனுக்கு அழைத்தாள். சடோகோ என்ன நினைத்தாளோ, போனை என் காதில் வைத்துவிட்டாள்.

"எப்படிப் போகுது?" என்றாள் மினோரி. ஒன்றரை வருடம் கழித்துக் கேட்ட குரல். நன்றாகப் போகிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"உன் மணி அநியாயம் பண்ணுது."

"அநியாயம் எல்லாம் இல்லப்பா. நல்லா பாத்தா புரியும்."

"பாக்க என்ன இருக்கு? அடிக்குது, சாகுறோம். இதுக்காகவா நல்ல வேலைய விட்டே?"

வைத்துவிட்டாள்.

ஏன் சொன்னேன்? சொல்ல வேண்டும் என்றுகூட நினைக்கவில்லையே! ஊரான் கையில் இருக்கும் காருக்கெல்லாம் என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது. இந்த வாய்க்கு இல்லை. சடோகோ இரண்டு ஆரஞ்சை உரித்து இரண்டையும் அவளே தின்றாள்.

நவம்பர் 20, வியாழன்

வேலைக்குப் போனேன், வந்தேன். இன்றும் ஆரஞ்சு இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்!

காலைச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தேன். 'நல்லா பாத்தா புரியும்' என்றாளே, சரி, பார்ப்போம். அடிப்பதை விட்டுவிட்டு, யார் எப்போது சாகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் மணி, யார் கடைசியாகக் கை ஓங்கினாரோ அவர் தலையில்தான் விழுகிறது. எங்களில் மெதுவானவர் சமையல்காரர். எப்போதும் அவர்தான் கடைசி, எப்போதும் அவர்தான் முதல் பிணம். அவர் போனால் சோறும் இல்லை, தெம்பும் இல்லை, பிறகு எல்லாருக்கும் சங்குதான்.

பயிற்சிப் பள்ளித் துண்டறிக்கையின் பின்பக்கம் ஒரு நாற்சந்தி வரைந்தேன். மூன்று பேரும் மூன்று கார். மணி ஒரு லாரி. யார் முதலில் போனால் யார் கடைசியில் மாட்டுவார்? அழித்து அழித்து வரைந்தேன். தேநீர் ஆறிப்போனது. நடுவில் சடோகோ வந்து என் தோளைக் குத்திப் பார்த்தாள், உயிர் இருக்கிறதா என்று.

சமையல்காரர் தன் முறையைத் தச்சருக்கு விட்டுக்கொடுத்தார். அப்போது கடைசியில் நிற்பது தச்சர். தச்சரிடம் ஓக் மரப் பலகை இருக்கிறது. மணி வந்து பலகையில் மோதியது. தச்சர் அசையவில்லை. ஒன்பது சுற்று. மணி உடைந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த மணி என்னை அவசரப்படுத்தவே இல்லை. நான் யோசித்து முடிக்கிறவரை பனிக்குள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தோற்ற அத்தனை தடவையும் தப்பு என்னுடையது, ஜெயித்த ஒரு தடவையும் என்னுடையது. ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒன்று கடைசியாக எப்போது நடந்தது? ஞாபகம் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

சடோகோ மூலம் செய்தி. இரண்டு பேர் விரும்பி முடித்திருக்கிறார்கள். இரண்டு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். ஆக, தீர்ப்பு என் தலையில்.

நாம் எந்தப் பட்டனை எப்போது அமுக்கினோம் என்று அங்கே பதிவாகுமாம். நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டியதற்கு நான் இருபத்தாறு மணி நேரம். அதோடு, மணிச் சண்டையின் நடுவே பதினான்கு நிமிடம் ஒரு பட்டன்கூட அமுக்கவில்லை. கோந்தோ எழுதி வைத்திருக்கிறார்: 'ஐந்தாவது நபர் சண்டை நடுவிலேயே தூங்கிவிட்டார்.'

ஐயோ, தூங்கலைய்யா! சத்தியமா தூங்கல!

யார் நம்புவார்கள்? செய்தி நேரத்தில் தூங்கியிருக்கிறேன். கல்யாண வீட்டில் தூங்கியிருக்கிறேன். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கியிருக்கிறேன். பெண்ணின் ஒன்றரை வருட உழைப்பு என் தூக்கத்தால் கெட்டது என்றுதான் ஆகப்போகிறது. அதுவும் தூங்காத தூக்கத்தால்.

சடோகோவிடம் சொன்னேன்: "அந்தக் கோந்தோகிட்ட நான் பேசணும்."

நவம்பர் 28, வெள்ளி

கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினோம். நான் டை கட்டிக்கொண்டேன். கோந்தோவுக்குத் தாடி, நல்ல மரியாதை. திரையின் ஓரத்தில் மினோரி. என்னைப் பார்க்காமல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கினதுக்கு மன்னிப்பெல்லாம் வேணாம் சார்," என்றார் கோந்தோ. "அலுப்பா இருந்துச்சுங்கறதே எங்களுக்கு நல்ல தகவல்தான்."

"தூங்கல தம்பி. யோசிச்சிட்டிருந்தேன்."

"பதினாலு நிமிஷமா?"

துண்டறிக்கையைக் கேமராவுக்கு முன் பிடித்தேன். முதலில் தலைகீழாகப் பிடித்துவிட்டேன், சடோகோ திருப்பி வைத்தாள். நாற்சந்தி, மூன்று கார், லாரி, அம்புக்குறிகள், அழித்த கறை. பாடம் நடத்துகிற மாதிரியே விளக்கினேன். இந்த வண்டி இவருக்கு வழிவிட்டால் அவர் இங்கே நிற்பார், அப்போது இடி இவர் மேல் விழும், இவர் தாங்குவார். கோந்தோ திரைக்குக் கிட்டே குனிந்தார். "அத அப்படியே பிடிங்க சார், ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார்.

பிறகு கேட்டார், "அப்ப நீங்க தூங்கவே இல்லையா?"

பொய் சொல்ல வரவில்லை. "தூங்கினேன். நடக்கிற இடத்துல ஒரு தடவை. சமையல்காரர் சூப்பு பத்திப் பேசறப்ப ரெண்டு தடவை. சண்டையில ஒரு தடவைகூட இல்ல."

மினோரி முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"அந்த சூப்பு நான் எழுதினதுப்பா."

டையைத் தளர்த்திக்கொண்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஒரு செய்தியும் இல்லை. சடோகோவின் போனை நான் நான்கு தடவை எடுத்துப் பார்த்ததாக அவள் சொல்கிறாள். இரண்டு தடவைதான்.

டிசம்பர் 7, ஞாயிறு

மினோரி அழைத்தாள். என் எண்ணுக்கு. சடோகோவின் போன் கெட்டுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

முறைச் சண்டை அப்படியே இருக்கிறது. கோந்தோ அந்தப் படத்தை அச்செடுத்து வேலை செய்யும் அறையில் ஒட்டியிருக்கிறார். நடை தூரத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். சூப்பு மூன்று வரியாகிவிட்டது.

"மூணே வரிப்பா! எல்லாம் உன்னாலதான். அது எவ்வளவு நல்லா வந்திருந்துச்சு தெரியுமா?"

"தெரியாதே. தூங்கிட்டேனே."

இருபது நிமிடம் திட்டினாள். நான் எங்கும் குறுக்கே போகவில்லை. பிறகு குரல் கொஞ்சம் மாறியது.

"சரி, ரெண்டாம் பாகத்துக்கு ஒண்ணு யோசிச்சிருக்கேன். ஒரு திமிங்கலம். அதோட முறை வந்தாலும் அது ஒண்ணும் பண்ணாது. சும்மா பாத்துக்கிட்டே இருக்கும். நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

நல்ல கேள்வி. அடிக்காத ஒன்றை அடிப்பதா? அது எதற்காகப் பார்க்கிறது? முதலில் யாரை அனுப்புவது? பென்சிலைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். நேரம் போனது தெரியவில்லை. அடுப்பில் கெண்டி கொதித்து, சடோகோ வந்து அணைத்துவிட்டுப் போனாள். போனில் ஒரு சத்தமும் இல்லை. எடுத்துப் பார்த்தேன்.

மினோரி வைக்கவில்லை.