சேறு விழுங்கிய பதினொரு ஷூக்கள்

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் முழங்காலும் என் வாயும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். "எழுதிக் குடுத்துடும்மா, ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தானே இருக்கு" என்றாயே, அதற்குப் போனில் பதில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் கடிதம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரை ஆறு கடலில் சேரும் கழிமுகத்துக்கு அழைத்துப் போனேன். நண்டு வளையையும் சேற்றுப் புழுவையும் அதைத் தின்ன வரும் பறவையையும் படத்தில் பார்த்தால் போதுமா? துறைமுக அட்டவணையில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் போனேன், அங்கே வற்றவே இல்லை. பொறுத்திருக்க வேண்டும், நான்தான் அவசரக்குடுக்கை ஆயிற்றே, இறங்குங்கள் என்றுவிட்டேன். முழங்கால்வரை புதைந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை, பதினொரு ஷூக்கள்தான் போயின. மறுநாள் அப்பா ஏழு ஷூக்களைத் தோண்டி எடுத்து வந்தார், பால்கனியில் காய்கின்றன, ஒன்றுக்கும் ஜோடி இல்லை.

பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள், நியாயம்தான், வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். தலைமையாசிரியர் அதோடு விடவில்லை. அங்கே போனதே தவறு, இனிப் புத்தகத்தை வைத்தே நடத்துவேன் என்று எழுதித் தர வேண்டுமாம், இல்லாவிட்டால் வகுப்பைப் பிடுங்கிவிடுவாராம். பிடுங்கட்டும். எல்லோரும் சேற்றில் கூச்சல் போட்டபோது, வகுப்பில் வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கரையோரம் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் இறங்குவதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டிருந்தாள். "மிஸ், துறைமுகத்துல வத்தி அம்பது நிமிஷம் கழிச்சுதான் இங்க வத்துது" என்றாள். முப்பது வருஷம் பாடம் நடத்திய எனக்கே தெரியாதது, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, சொல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீ சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். "என் தவறு நேரத்தில்தான், இடத்தில் இல்லை. இனி ஐம்பது நிமிடம் தாமதமாக அழைத்துப் போவேன்." இவ்வளவுதான். மனிதர் இரண்டு முறை படித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசிக்கட்டும், சனிக்கிழமை விடுமுறைதானே, பிள்ளைகளை மறுபடி என்னோடு கழிமுகத்துக்கு அனுப்பச் சம்மதம் என்று பதினாறு பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். முதல் கையெழுத்து அன்று என்னை அதிகம் திட்டிய அம்மாவுடையது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணா. சனிக்கிழமை மதியம் மட்டும் போன் செய்யாதே, சேற்றில் நிற்பேன்.

பிடிவாதக்கார
அம்மா