பத்தரைக்குள் தேய்த்த தரை

ஆவணி 12, சனிக்கிழமை

டைல்ஸ் வழுக்குதுன்னு நான் சொன்னதால, என் புது அறைக்கு மட்டும் சிமெண்டுத் தரை போட்டார்கள். நேற்றுக் காலையில் கலவையை இழுத்துவிட்டதும் மேலே தண்ணீர் மினுங்கிக்கொண்டு நின்றது. அது வற்றி, பெருவிரலை வைத்தால் லேசாகப் பதியும்போதுதான் கரணையால் தேய்க்கணும். பதினெட்டு வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவளுக்கு இது தெரியாதா?

மகன் முருகன் கொத்தனாரை விரட்டினான். "பத்தரைக்கு ராகு காலம் வருது அண்ணே, அதுக்குள்ள தேச்சு முடிச்சிருங்க."

"தண்ணி வத்தலையேடா" என்றேன்.

"காஞ்ச சிமெண்டைத் தூவுனா உறிஞ்சிரும் ஆத்தா" என்றார் கொத்தனார்.

"உறிஞ்சும். நாளைக்கே தோலா உரியும். சிமெண்டு என்ன பஞ்சாங்கமா பாக்குது?"

"அம்மா, நீ உள்ள போய் உக்காரு."

வேலையாட்கள் முன்னாடி அப்படிச் சொன்னான். போய் உட்கார்ந்தேன். தரை கண்ணாடி மாதிரி ஆனதும் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

இன்று சாயங்காலம் நகத்தால் கீறினேன். அப்பளம் மாதிரி மேல்தோல் பெயர்ந்து வந்தது. அடியில் வெறும் மாவு. கூப்பிட்டுக் காட்டினால், "நாலு நாள் தண்ணி கட்டுனா சரியாயிரும்" என்கிறான், என் முகத்தைப் பார்க்காமல்.

கொத்தி எடுத்துப் புதுசாப் போடாமல் அந்த அறையில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். அன்றைக்கு ஏழரைக்கு ராகு காலம். இருந்துட்டுப் போகட்டும். என் பெருவிரல் சொன்னால்தான் கரணை இறங்கும்.